வயதான குதிரையின் வயிறும் தீனியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை இளைக்க ஆரம்பித்ததும் பலரும் முதலில் தீவன மூட்டையைத்தான் மாற்றுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதன் வாயை. பிறகு லத்தியை, அப்புறம் தண்ணீர்த் தொட்டியை. தீவனம் நான்காவதாக வரட்டும். கீழே உள்ள பதில்கள் ஏறக்குறைய இந்த எண்ணத்தில் எழுதியவை. அளவுகள் பெரும்பாலும் 500 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சொன்னவை; உங்கள் குதிரையின் எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வயதானால் ஒரு குதிரையை வயதானது என்று சொல்லலாம்?

கால்நடை மருத்துவர்கள் சிலர் 15 என்பார்கள், சிலர் 20 என்பார்கள். 18 வயதில் தளர்ந்துபோன குதிரையும் உண்டு, 28 வயதில் குழைந்த தீனி எதுவுமில்லாமல் புல்லை மட்டுமே மேய்ந்து திடமாக நிற்கும் மட்டக்குதிரையும் உண்டு. இங்கிலாந்தில் படகு இழுத்த ஓல்டு பில்லி என்ற குதிரை 1760-இல் பிறந்து 1822 வரை வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அது விதிவிலக்குதான். ஆனாலும் பிறந்த ஆண்டை வைத்துத் தீவனத்தை மாற்றத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். எடை, பல், முடி, லத்தி இவற்றில் மாற்றம் தெரிந்தால் மாற்றுங்கள். 15 வயதிலிருந்து அவற்றைக் கொஞ்சம் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினால் போதும்.

குதிரையின் வயிறு ஏன் இவ்வளவு சீக்கிரம் கோளாறாகிறது?

உடல் அமைப்பே அப்படி. இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும், தீனி உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆக, உள்ளே போனது எதுவாக இருந்தாலும் ஒரே வழியில்தான் வெளியேற வேண்டும்.

இரைப்பையைத் தாண்டினால் சுமார் 20 மீட்டர் நீளச் சிறுகுடல். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் இங்கே செரிக்கும். புல்லின் நார்ச்சத்து மட்டும் செரிக்காமல் பின்குடலுக்குப் போகும். சீக்கம் எனப்படும் பெரிய பையும் அதைத் தொடர்ந்த பெருங்குடலும் சேர்ந்ததுதான் பின்குடல். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குதிரை தன் சக்தியில் பெரும்பங்கை அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மாடு தீனியை முதலில் நொதிக்கவைத்து அசைபோடுகிறது. குதிரைக்கு நொதித்தல் கடைசியில் நடக்கிறது. அதனால் வாயில் சரியாக மெல்லாமல் விட்டதைத் திரும்ப எடுத்து மெல்ல அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

தானியத்தை ஒரே வேளையில் அதிகமாகப் போட்டால் சிறுகுடலால் சமாளிக்க முடியாமல் மாவுச்சத்து பின்குடலுக்கு வழிந்துவிடும். அங்கே அமிலம் கூடி நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் சாகும். வயிற்றுவலி, பேதி, குளம்பு அழற்சி மூன்றுக்குமே அது வாசல். பெருங்குடலும் ஒரே சீரான குழாய் அல்ல. இடுப்புக்கு அருகே சட்டென்று மடங்கிக் குறுகும் ஓர் இடம் உண்டு. உலர்ந்த, சரியாக மெல்லாத தீனி அடைத்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

வயதானால் செரிமான சக்தி குறைந்துவிடுமா?

முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். 1980-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் வயதான குதிரைகள் புரதம், நார், பாஸ்பரஸ் ஆகியவற்றைக் குறைவாகவே செரித்தன. வயதான குதிரைகளுக்கென்று தனித் தீவனம் சந்தைக்கு வர அந்த முடிவுகளும் ஒரு காரணம். பிற்பாடு, பல்லும் உடம்பும் நன்றாக இருக்கும், ஒழுங்காகக் குடற்புழு நீக்கம் செய்யப்பட்ட வயதான குதிரைகளைப் பார்த்தபோது இளசுகளோடு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காலக் குதிரைகளின் குடல், இளமையில் புழுக்களால் பட்ட சேதத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

ஆகவே நன்றாக இருக்கும் 20 வயதுக் குதிரைக்கு, வயதைக் காரணம் காட்டி எதையும் மாற்ற வேண்டியதில்லை. இளைக்கிறதென்றால் காரணம் இருக்கும். தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

பல்லில் எதைப் பார்க்க வேண்டும்?

குதிரையின் கடைவாய்ப் பல் முளைத்ததோடு நின்றுவிடுவதில்லை. ஈறுக்குள் நீளமாகப் புதைந்திருந்து ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேயும். இருப்பு ஒரு நாள் தீர்ந்துபோகும். 20-களின் பிற்பகுதியில் பல குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல் வழவழப்பாகத் தேய்ந்து, அரைக்கும் மேடு பள்ளமே இல்லாமல் போய்விடும். சில பற்கள் ஆடும், சில விழுந்துவிடும். விழுந்த இடத்துக்கு எதிரே உள்ள பல் தேய்க்க ஆளில்லாமல் நீண்டு, தாடை அசைவதையே தடுக்கும். பல் இடைவெளியில் தீனி சிக்கி அழுகினால் ஈறு நோகும்.

வெளியே தெரியும் அறிகுறிகளில் மிகத் தெளிவானது, தொட்டியைச் சுற்றிக் கிடக்கும் உருண்டைகள். புல்லைப் பாதி மென்று, சுருட்டி, விழுங்க முடியாமல் கீழே துப்பியிருக்கும். லத்தியை உடைத்துப் பாருங்கள்: ஒரு விரல் நீள நார்கள், முழுத் தானியம் எல்லாம் அப்படியே தெரிந்தால் அரைக்கும் வேலை நடக்கவில்லை. வாய்நாற்றம், ஒரு பக்கமாகவே மெல்லுதல், தலையைச் சாய்த்துச் சாப்பிடுதல், குளிர்ந்த தண்ணீரைக் குடிக்கத் தயங்குதல் ஆகியவையும் உண்டு. 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் முன்பற்களின் வேர் கரைந்து, அதைச் சுற்றிப் புது எலும்புபோல் வீங்கும் ஒரு நோய் வரும். மிகவும் வலிக்கும், ஆனால் குதிரை காட்டிக்கொள்ளாது. கேரட்டைக் கடிக்க மறுப்பதுதான் சில சமயம் முதல் துப்பு. எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்து, கெட்ட பற்களைப் பிடுங்கிவிட்டால் பல குதிரைகள் புதுத்தெம்போடு சாப்பிடுகின்றன.

வயதான குதிரைக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை பல் பரிசோதனை நல்லது. கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்கிற பழமொழி பல் பார்க்க வருகிறவருக்கும் பொருந்தும் என்பதால், மயக்க மருந்து கொடுத்து, வாயைத் திறந்து பிடிக்கும் கருவியும் விளக்கும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதவோரம் நின்று உதட்டைத் தூக்கிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. இன்னொன்று: தேய்ந்துபோன பல்லை மேலும் அதிகமாக ராவக் கூடாது. அது இனி வளராது.

உலர்புல்லை மெல்ல முடியவில்லை. என்ன கொடுப்பது?

உலர்புல்லை நிறுத்தலாம், நாரை நிறுத்த முடியாது. பின்குடல் ஓடுவதே நாரில்தான். மெல்லும் வேலை குறைந்த வடிவத்துக்கு நாரை மாற்றுவதே வழி.

முதல் படி, மென்மையான இளம்புல்லை அறுத்துக் காயவைத்தது. தண்டு பருத்த, கரடான உலர்புல்லைவிட அது மெல்ல எளிது. அடுத்தது துண்டு துண்டாக நறுக்கிய உலர்புல். ஆனால் பல் மோசமானவை இதையும் துப்பிவிடும். மூன்றாவது, ஊறவைத்துக் கூழாக்கும் தீனி: உலர்புல்லை அரைத்துச் சிறு உருளைகளாக அழுத்திச் செய்த பெல்லட்டுகள், குதிரைமசால் பெல்லட்டுகள், சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பீட் கிழங்குச் சக்கை, வயதான குதிரைக்கென நார் சேர்த்துத் தயாரித்த முழுத்தீவனம். பல்லே இல்லாத குதிரையும் இந்தக் கூழில் வருடக்கணக்கில் நன்றாக வாழும்.

பீட் சக்கை எனக்குப் பிடித்தமானது. மாவுச்சத்து மிகக் குறைவு. அதன் நார் பின்குடலில் எளிதில் நொதிப்பதால் சாதாரண உலர்புல்லைவிட அதிக சக்தி தரும். வெல்லப்பாகு கலக்காததாக வாங்குங்கள். பெல்லட்டாக இருந்தால் அளவுக்கு 3 அல்லது 4 மடங்கு தண்ணீர் ஊற்றி, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிடுங்கள். சில வகைகளுக்கு ஒரு மணி நேரம் போதும், சிலவற்றுக்கு ஓர் இரவு வேண்டும். கையால் பிசைந்தால் கட்டி எதுவும் தட்டுப்படக் கூடாது. வெயில் காலத்தில் நீண்ட நேரம் வைத்தால் புளித்துவிடும், புளித்ததைக் கொட்டிவிடுங்கள்.

குதிரைமசாலில் புரதமும் கால்சியமும் அதிகம். இளைத்து, முதுகுச் சதை வற்றிய குதிரைக்கு நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் குதிரைமசாலையும் பீட் சக்கையையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், இரண்டிலுமே கால்சியம் உண்டு.

கூழுக்கு மாறினாலும் கொஞ்சம் மென்மையான உலர்புல்லை முன்னால் போட்டு வையுங்கள். பாதியைத் துப்பினாலும் பரவாயில்லை, வாய்க்கு வேலை இருக்கும். ஆனால் துப்பும் குதிரைக்குத் தொண்டையில் அடைத்த வரலாறு இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வேளை?

உலர்ந்த கணக்கில் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் நார்த்தீனி. 500 கிலோ குதிரைக்கு 7.5 முதல் 10 கிலோ. கூழாகக் கொடுத்தாலும் ஊறவைப்பதற்கு முந்தைய எடையை வைத்தே இந்தக் கணக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஊறிய வாளி நிறைந்து தெரியும், உள்ளே இருக்கும் தீனி ஒன்றரைக் கிலோதான் இருக்கும். புல்லே சாப்பிடாத குதிரைக்கு இரண்டு வாளி காணாது.

கூழ் மட்டும்தான் என்றால் நாளுக்கு 4 அல்லது 5 வேளையாகப் பிரியுங்கள். இரவில் கடைசி வேளையை எவ்வளவு தாமதமாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. வயிறு 4, 5 மணி நேரத்துக்கு மேல் காலியாக இருந்தால் அமிலம் இரைப்பையின் மேல்பகுதியை அரிக்கத் தொடங்கும். தானியம் கலந்த அடர்தீவனம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

மெல்லும் நேரத்தைப் பாருங்கள்: ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு 40 நிமிடம் ஆகும், ஒரு கிலோ அடர்தீவனத்துக்கு 10 நிமிடம்தான். மெல்லும்போது மட்டுமே குதிரைக்கு உமிழ்நீர் சுரக்கும். அந்த உமிழ்நீர்தான் இரைப்பை அமிலத்தைத் தணிக்கிறது.

எடையை வீட்டிலேயே எப்படிக் கணக்கிடுவது?

முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவு, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையிலான நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் சுமார் 436 கிலோ. துல்லியமான எண் அல்ல. ஆனால் ஒரே ஆள், ஒரே நாடாவால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அடர்ந்த முடி விலா எலும்பை மறைக்கும். தொங்கிய வயிறு கொழுப்புபோல் காட்டும். விலா, முதுகுத்தண்டு, வால் அடி மூன்றையும் கையால் அழுத்தித் தடவிப் பாருங்கள். உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறையில் வயதான குதிரைக்கு 5 அல்லது 6 நல்லது: விலா கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும்.

பல் சரி, புழு இல்லை, ஆனாலும் எடை ஏறவில்லை. தானியத்தைக் கூட்டலாமா?

தானியம் கடைசி வழி. முதலில் நார்த்தீனி உண்மையிலேயே போதுமான அளவு உள்ளே போகிறதா என்று எடைபோட்டுப் பாருங்கள். அடுத்து எண்ணெய். 250 மில்லி தாவர எண்ணெயில் சுமார் 2,000 கிலோகலோரி இருக்கிறது, துளி மாவுச்சத்து கிடையாது. ஆனால் 50 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் லத்தி இளகி எண்ணெய்ப் பிசுக்காக வரும். எண்ணெய் கொடுக்கும்போது வைட்டமின் ஈ-யும் சேர்ப்பது வழக்கம். கல்லீரல் பாதித்த குதிரைக்கு எண்ணெய் வேண்டாம்.

முதுகெலும்பு இருபுறமும் சதை வற்றிப்போனால் அது கொழுப்புக் குறைவு அல்ல, சதைக் குறைவு. அதற்கு நல்ல புரதம் வேண்டும். குதிரைமசாலோ கொஞ்சம் சோயா புண்ணாக்கோ எண்ணெய் செய்யாததைச் செய்யும். முடிந்த அளவு நடமாட்டமும் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இளைத்தால் இரத்தப் பரிசோதனைதான். சிறுநீரகம், கல்லீரல், குடல் அழற்சி, கட்டி, ஹார்மோன் எல்லாமே பட்டியலில் உண்டு. இந்தக் கட்டத்தில் மூட்டை மாற்றி மூட்டை வாங்குவது நேரத்தைத் தொலைப்பது.

கோடையிலும் முடி உதிராமல் நீளமாக இருக்கிறது. இதற்கும் தீனிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. 15 வயதுக்கு மேல் பரவலாகக் காணப்படும் ஒரு பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறின் அடையாளம் அது. குஷிங் நோய் என்று பேச்சில் சொல்வார்கள். முதுகுச் சதை வற்றும், தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீர் அதிகம் போகும், புண் ஆறாது, புழுத்தொல்லையும் கூடும். இவற்றில் பல குதிரைகளுக்கு இன்சுலின் கோளாறும் சேர்ந்திருக்கும். அப்போது சர்க்கரையும் மாவுச்சத்தும் குளம்பு அழற்சியைக் கொண்டுவந்துவிடும். இரத்தத்தில் ஏசிடிஎச் ஹார்மோனை அளந்து நோயைக் கண்டுபிடிக்கலாம். பெர்கோலைடு என்ற மாத்திரையைத் தினமும், ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள்.

இன்சுலின் கோளாறு உறுதியானால் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் தீனி வேண்டும். உலர்புல்லை ஒரு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். தாதுக்களும் கூடவே போவதால் தாதுக்கலவை சேர்க்க வேண்டும். முதிய குதிரைத் தீவனம் என்று எழுதியிருப்பதாலேயே அது இவற்றுக்கு ஏற்றது என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் வெல்லப்பாகு தாராளமாக இருக்கும்.

குண்டான மட்டக்குதிரை ஒன்றை இளைக்கவைக்கத் திடீரென்று பட்டினி போடாதீர்கள். உடல் கொழுப்பு இரத்தத்தில் வெள்ளமாக இறங்கிக் கல்லீரலை அடைத்துவிடும். உயிருக்கே ஆபத்து. கழுதைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்?

சாதாரண நாளில் 25 முதல் 50 லிட்டர். பசும்புல் மேயும் குதிரை குறைவாகவும், உலர்புல் தின்பது அதிகமாகவும் குடிக்கும். குளிர்காலத்தில்தான் கவனம் வேண்டும். பல் கூசுகிற கிழக்குதிரை சில்லென்ற தண்ணீரை நாலு மிடறு குடித்துவிட்டு நகர்ந்துவிடும். இரண்டு நாளில் பெருங்குடல் அடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் குடிக்கும் அளவு கூடும். தினமும் 25 முதல் 30 கிராம் சாதாரண உப்பைத் தீனியில் கலந்துவிடுங்கள். நக்கும் உப்புக்கட்டியை மட்டும் நம்பினால் பல குதிரைகள் தேவையான அளவு நக்குவதில்லை. தானியங்கித் தொட்டி வசதிதான், ஆனால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. சந்தேகமான நாட்களில் வாளிக்கு மாறுங்கள்.

வாரம் ஒரு முறை தவிட்டுக் கஞ்சி கொடுத்தால் வயிறு சுத்தமாகுமாமே?

ஆகாது. தவிடு மலமிளக்கி அல்ல. கஞ்சியில் நன்மை செய்வது அதில் உள்ள தண்ணீர்தான். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. வாரம் ஒரு நாள் மட்டும் புதிதாக ஒன்றைத் தருவது பின்குடல் நுண்ணுயிரிகளையும் குழப்பும். குதிரை ஆசையாகச் சாப்பிடும் என்பது உண்மை. அதே ஆசையோடு தினமும் அதே கூழைக் கொடுங்கள்.

லத்தி கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பழுப்புத் தண்ணீர் ஒழுகுகிறது. இது பேதியா?

பேதி அல்ல. பேதியில் லத்தியே உருவம் இழக்கும். இது தனித் தொல்லை, வயதான குதிரைகளிலும் பார்க்கலாம். காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பதப்படுத்திய ஈரப்புல்லிலிருந்து நல்ல உலர்புல்லுக்கு மாறியதும் சிலவற்றுக்கு நின்றுவிடுகிறது. சிலவற்றுக்குப் பல்லைச் சரிசெய்ததும், சிலவற்றுக்குக் கூட்டத்தில் விரட்டும் குதிரையைப் பிரித்ததும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பின்னங்கால்களைக் கழுவித் துடைத்து, தோல் புண்ணாகாமல் களிம்பு போடுங்கள்.

உண்மையான பேதி, அதோடு காய்ச்சலோ சோர்வோ இருந்தால் அன்றே மருத்துவர்.

குடற்புழு மருந்து எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

நாள்காட்டியைப் பார்த்துக் கொடுத்த காலம் போய்விட்டது. அப்படிக் கொடுத்துத்தான் மருந்துக்கு அடங்காத புழுக்களை வளர்த்துவிட்டோம். லத்தியில் முட்டை எண்ணிக்கை பார்த்து, தேவையானபோது கொடுப்பதே இப்போதைய முறை. நாடாப்புழு இந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. குடல் சுவருக்குள் உறங்கும் சிறு வட்டப்புழுக் குஞ்சுகளும் முட்டை எண்ணிக்கையில் தெரியாது. எந்த மருந்து, எப்போது என்பதை உங்கள் பகுதிக்கு ஏற்ப மருத்துவர் சொல்லட்டும்.

மூட்டுவலிக்குத் தினமும் மாத்திரை கொடுக்கிறோம். வயிற்றுக்கு ஆபத்தா?

ஆகலாம். ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்துகள் இரைப்பையில் புண்ணையும், பெருங்குடலின் வலது மேல்பகுதியில் அழற்சியையும் உண்டாக்கும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குச் சிறுநீரகமும் பாதிக்கும். அதற்காக வலியோடு நிற்கவைக்கவும் கூடாது. வலியில் நிற்கும் குதிரை தொட்டி வரை நடக்காது, தண்ணீரும் குடிக்காது, அதுவே வயிற்றடைப்பில் முடியும். நோயை அடக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், இரண்டு வலி மருந்துகளைச் சேர்க்காதீர்கள். பசி குறைந்தாலோ லத்தி இளகினாலோ கண்கள் சொருகிச் சோர்ந்து நின்றாலோ நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

சாப்பிடும்போது மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வருகிறது!

உணவுக்குழாயில் தீனி அடைத்திருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மூச்சுக்குழாய் அடைபடவில்லை, குதிரை மூச்சுவிடும். தீனியையும் தண்ணீரையும் உடனே அப்புறப்படுத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி அமைதியாக நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். சில சமயம் அவர் வருவதற்குள் தானாக இறங்கிவிடும். வாயில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றுவது, குழாயை விடுவது எதுவும் வேண்டாம். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். அடைப்பு நீங்கினாலும் மருத்துவர் பார்க்கட்டும், அடுத்த சில நாட்களுக்குக் கூழ் மட்டும்.

உலர்ந்த பெல்லட்டை அவக் அவக்கென்று விழுங்குவது, பல் தேய்ந்திருப்பது, மயக்க மருந்து தெளியுமுன் தீனி வைப்பது ஆகியவையே வழக்கமான காரணங்கள். அவசரக்காரக் குதிரைக்கு அகலமான தொட்டியில் வழவழப்பான பெரிய கற்கள் சிலவற்றைப் போட்டால் அவற்றைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தின்னும்.

வயிற்றுவலி என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் என்ன செய்வது?

கால்நடை மருத்துவர்கள் கோலிக் என்பார்கள். தரையைக் காலால் பறித்தல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், மேலுதட்டைச் சுருட்டுதல், படுத்துப் படுத்து எழுதல், புரளுதல் எல்லாம் தெரிந்தவைதான். வயதான குதிரை பெரும்பாலும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யாது. ஒரு மூலையில் தலை தொங்க நிற்கும், வைத்த தீனியை மோந்துவிட்டு விலகும், லத்தி குறையும். நாளுக்கு 8 முதல் 12 முறை லத்தி போடும் குதிரை இரண்டோடு நிறுத்தினால் அதுவே எச்சரிக்கை.

ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. அறுபதைத் தாண்டினால் நிலைமை கடுமை. ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வயிற்றின் இருபுறமும் காது வைத்துக் கேளுங்கள். இரைச்சலே இல்லாவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தீனியை எடுத்துவிடுங்கள். நடக்க விரும்பினால் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடத்தலாம், களைக்கும் வரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். வீட்டில் இருக்கும் வலி ஊசியை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், அறிகுறியை மறைத்துவிடும்.

வயதான குதிரைகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. குடலைத் தாங்கும் சவ்வில் கொழுப்புக் கட்டி ஒன்று நீண்ட காம்போடு தொங்கிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் எந்தத் தொல்லையும் தராது. ஒரு நாள் அந்தக் காம்பு சிறுகுடலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அறுவை சிகிச்சை ஒன்றே வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். எந்தத் தீனியாலும் இதைத் தடுக்க முடியாது, ஆகவே இதற்காக உங்களை நொந்துகொள்ள ஒன்றுமில்லை. அறுவைக்கு வயது மட்டுமே தடையல்ல. ஆனால் வேண்டுமா வேண்டாமா என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில், குதிரை புரண்டுகொண்டிருக்கும்போது எடுக்கிற முடிவல்ல அது.

மாட்டுத்தீவனம் அல்லது கோழித்தீவனம் மிஞ்சிக் கிடக்கிறது. கொஞ்சம் கலக்கலாமா?

கூடவே கூடாது. சிலவற்றில் மோனென்சின் போன்ற மருந்துகள் சேர்த்திருப்பார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் ஆகாத அளவே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும். மாற்று மருந்து இல்லை. மூட்டைகளைத் தனி அறையில் வையுங்கள்.

புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து விழுந்த ஈரப்புல் குவியல், பூஞ்சை பிடித்த உலர்புல், ரொட்டி மிச்சம் இவையும் வேண்டாம்.

நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாட்டிக் பொடிகள் பலன் தருமா?

ஈஸ்ட் வகைகள் நாரைச் செரிக்க ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மற்றவற்றுக்கு ஆதாரம் மெலிது. பல் பரிசோதனைக்குக் காசு இல்லாமல் பொடிக்குச் செலவழிப்பதாக இருந்தால் வரிசை தவறிவிட்டது.

மற்ற குதிரைகளோடு சேர்த்துத் தீனி வைக்கலாமா?

கூழ் தின்னும் கிழக்குதிரைக்கு ஒரு வாளியை முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். இளசுகள் பத்து நிமிடத்தில் தங்களுடையதை முடித்துவிட்டு இதை விரட்டிவிடும். தீனி வேளையில் மட்டும் தனியாகக் கட்டுங்கள். ஆனால் பழகிய துணை கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும்; துணையைக் காணாவிட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கனைத்துக்கொண்டே நிற்கும் குதிரைகள் உண்டு. நாள் முழுக்க லாயத்தில் அடைக்காமல் வெளியே உலாவ விட்டால் குடலும் நன்றாக அசையும்.

புதுத் தீவனத்துக்கு எத்தனை நாளில் மாற்றுவது?

10 முதல் 14 நாள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, பிறகு பாதி, அப்புறம் முக்கால். உலர்புல்லின் புது வண்டி வந்தாலும் இதே விதிதான், தானியத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். பழைய புல் முழுக்கத் தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே புதியதை வாங்கிவிட்டால் கலந்து கொடுக்க வசதியாக இருக்கும். லத்தி இளகினால் அந்த நாளின் அளவிலேயே நின்று, கெட்டியான பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.